பூந்தமல்லி சாலையில் ஒரு கிளாஸ் சர்பத்

பங்குனி பிறந்துவிட்டால் போதும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் சர்பத் வண்டிகள் முளைத்துவிடும். தள்ளுவண்டியின் மேல் தார்ப்பாய்ப் பந்தல், சாக்குக்குள் ஐஸ் கட்டி, ஒரு கூடை எலுமிச்சை, பாத்திரத்தில் ஊறிய சப்ஜா விதை. முன்வரிசையில் சிவப்பு, பச்சை, மஞ்சள், பழுப்பு நிறங்களில் பாட்டில்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும், ஷிஃப்ட் முடிந்து வருபவர்களும், பள்ளி விட்ட பிள்ளைகளும் அங்கே ஒதுங்குவார்கள். "அண்ணே, நன்னாரி ஒண்ணு, ஐஸ் கம்மியா" என்ற குரல் சாயங்காலம் வரை ஓயாது.

அந்தப் பழுப்பு நிறப் பாட்டிலில் இருப்பது உண்மையில் நன்னாரி வேர் ஊறிய பாகா, அல்லது சர்க்கரைத் தண்ணீரில் எசன்ஸும் கலரும் கலந்ததா? குடிப்பவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. விவசாயக் குடும்பங்கள் கேட்டே ஆக வேண்டும். வேரும் பழமும் பூவும் விளைவது நம் வேலியிலும் தோட்டத்திலும்தான். அவை பாகாக மாறிப் பாட்டிலில் ஏறும்போது வரும் காசு மட்டும் வேறு எங்கோ போய்ச் சேருகிறது.

பெயரில் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள்

சென்னையின் மேற்குப் புறநகரைச் சுற்றி வந்தால் ஊர்ப் பெயர்களே பழைய கதையைச் சொல்லும். பாடியைத் தாண்டி சி.டி.எச். சாலையில் போனால் அம்பத்தூர். 1960-களில் உருவான தொழிற்பேட்டை இன்று அந்த ஊரின் அடையாளம். அடுத்து திருமுல்லைவாயல். தொண்டைமான் சக்கரவர்த்தியின் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாக அங்குள்ள மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. அதைத் தாண்டினால் டாங்கித் தொழிற்சாலை இருக்கும் ஆவடி. அங்கிருந்து தெற்கே திரும்பினால் பருத்திப்பட்டு, சற்று உள்ளே வேல மரக்காட்டின் பெயரைத் தாங்கிய திருவேற்காடு, கடைசியில் பூந்தமல்லி.

பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்றும் சொல்வார்கள். ராமானுஜர் தம் குருவாக மதித்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. இங்கே நந்தவனம் வைத்து, பூத்த மலர்களை மாலையாகக் கட்டி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வைணவ மரபு. விளைந்ததை வாடுவதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற கவலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

முல்லை, பருத்தி, வேல், பூ எல்லாம் இப்போது பெயர்ப் பலகையில்தான் அதிகம். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளின் ஆயக்கட்டுகளில் பெரும்பகுதி வீட்டுமனைகளாகிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆனாலும் திருமழிசையைத் தாண்டித் திருவள்ளூர் பக்கம் போகப் போக நெல்லும், கீரையும், மல்லிகையும், மாந்தோப்புகளும் கண்ணில் படும். விளைவிப்பவருக்கும் குடிப்பவருக்கும் இடையில் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான்.

திருமழிசை காட்டிய பாடம்

பச்சைச் சரக்கை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை இதே பகுதி 2020-ல் பார்த்தது. கொரோனா பரவியதால் அந்த ஆண்டு மே மாதம் கோயம்பேட்டின் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசையில் போட்ட தற்காலிகச் சந்தைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் மறுபடி கோயம்பேட்டுக்குத் திரும்பியது. நடுவில் மழை பெய்து சந்தைத் திடல் சேறானது. வாங்க ஆள் குறைந்த நாட்களில் மீந்த காய்கள் வீணாயின. தக்காளியோ எலுமிச்சையோ, அன்று விற்காவிட்டால் மறுநாள் அதற்கு மதிப்பில்லை.

திருமழிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது குத்தம்பாக்கம். வேதிப் பொறியியல் படித்த இளங்கோ 1996 முதல் 2006 வரை இந்த ஊராட்சியின் தலைவராக இருந்தார். அவர் முன்வைத்த கணக்கு எளிமையானது. ஒரு கிராமம் தன் விளைச்சலை மூலப்பொருளாகக் குறைந்த விலைக்கு விற்கிறது. பிறகு அதே விளைச்சலை எண்ணெயாக, பருப்பாக, சோப்பாக அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. இடையில் நடக்கும் வேலையை ஊரிலேயே, அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து செய்தால் அந்தப் பணம் ஊரிலேயே சுற்றும். இதுதான் அவர் சொன்னது.

சர்பத் பாகு அந்தக் கணக்குக்கு நல்ல உதாரணம். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். அடுப்பு, எவர்சில்வர் பாத்திரம், தராசு, துணி, கண்ணாடிப் பாட்டில் போதும். எலுமிச்சை விலை கோடையில் ஏறும், மழைக்காலத்தில் சரியும். 2022 ஏப்ரலில் நாட்டின் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். சரியும் மாதத்தில் பிழிந்து வைத்தால், ஏறும் மாதத்தில் அது தாகம் தீர்க்கும். பாகு என்பது விளைச்சலைத் தாகம் வரும் காலம் வரை காத்து வைக்கும் வழி. ஆனால் அதைக் காப்பது அளவு. கைப்பக்குவம் அதற்குப் பிறகுதான்.

65 பங்கு சர்க்கரை

வீட்டில் செய்த பாகு பத்து நாளில் நுரைத்துப் புளித்துப்போவது பலருக்கும் பழகிய அனுபவம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் சேர்த்திருப்பார்கள். அந்த அளவில் நொதிக்கும் ஈஸ்ட் கிருமிகளுக்குத் தண்ணீரும் கிடைக்கிறது, தீனியும் கிடைக்கிறது. நம் ஊர் வெயில் அதற்குத் துணை.

100 பங்கு பாகில் 65 பங்கு சர்க்கரை இருந்தால், தண்ணீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமிகளால் எளிதில் பெருக முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2011-ம் ஆண்டு விதிகளும் பழ சிரப், சர்பத் வகைகளுக்கு இந்த 65 சதவிகிதத்தையே குறைந்தபட்சக் கரைதிட அளவாக வைத்திருக்கின்றன. ஸ்குவாஷ் என்றால் 40 சதவிகிதம் போதும். ஆனால் ஸ்குவாஷிலும் பழ சிரப்பிலும் பழச்சாறு 25 சதவிகிதமாவது இருக்க வேண்டும்.

அடுப்படிக் கணக்கில் சொன்னால், வடிகட்டிய சாரம் 1 லிட்டருக்குச் சர்க்கரை 1 கிலோ 850 கிராம். கண் அளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போட வேண்டும். கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சுவதும் தவறு. அப்படிக் காய்ச்சினால் ஆறிய பிறகு பாட்டிலின் அடியில் சர்க்கரை கற்கண்டாகப் படியும். சர்க்கரை கரைந்து, ஒரு கொதி வந்து, விரலில் பிசுபிசுத்தால் இறக்கிவிடலாம். கொதிக்கும்போது ஒரு எலுமிச்சையின் சாறு விட்டால் அழுக்கு நுரையாக ஒதுங்கும், பாகு கற்கண்டாவதும் குறையும்.

நன்னாரி: வேரைக் கொதிக்க விடாதீர்கள்

நன்னாரியின் வாசம் வேரின் பட்டையில் இருக்கிறது. நடுவில் உள்ள மரம் போன்ற நரம்பில் வாசம் குறைவு. அதனால்தான் வேரை நன்றாகக் கழுவி, லேசாகத் தட்டி, நடு நரம்பை உருவி எறிவது பழக்கம். வாசத்துக்குக் காரணமான பொருள் வெனிலாவின் வாசப்பொருளுக்கு நெருங்கிய உறவு. அது நீராவியோடு சேர்ந்து பறந்துவிடும். திறந்த பாத்திரத்தில் வேரை அரை மணி நேரம் கொதிக்க விட்டால் வீடெல்லாம் மணக்கும், பாகில் மணம் இருக்காது.

எனவே தட்டிய வேர்ப்பட்டை 100 கிராமுக்குக் கொதித்து இறக்கிய தண்ணீர் ஒன்றேகால் லிட்டர் ஊற்றி, மூடி போட்டு, இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். வேர் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துவிடும். காலையில் துணியில் வடிகட்டி 1 லிட்டர் சாரம் அளந்து, 1 கிலோ 850 கிராம் சர்க்கரை சேர்த்து, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கலாம். இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பாகு கிடைக்கும். ஒரு கிளாஸுக்கு 30 மில்லி என்றால் ஏறக்குறைய 70 கிளாஸ்.

இப்படிச் செய்த பாகு இளம் பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். கறுப்பாகவோ செக்கச்செவேல் என்றோ இருந்தால் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கிலும் இதே வாசப்பொருள் இருக்கிறது. அதனால் ஆந்திரப் பக்கம் பல இடங்களில் அதையே நன்னாரி என்று சொல்லிச் சர்பத் செய்கிறார்கள். மாகாளி காட்டிலிருந்து அளவுக்கு மீறித் தோண்டப்பட்டு அருகிவரும் செடி. நன்னாரியையும் காட்டில் தோண்டிக்கொண்டே இருந்தால் அதே கதிதான். வேர்த்துண்டு நட்டால் வேலியோரத்திலும் தோப்பு நிழலிலும் வளரும் கொடி இது. வேர் தடிக்க இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் சொந்த வேரிலேயே பாகு காய்ச்சலாம்.

எலுமிச்சையும் செம்பருத்தியும்

எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்க வைத்தால் கசக்கும். அதனால் இதில் முறை வேறு. தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 2 கிலோ சேர்த்துக் காய்ச்சி வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு விதை இல்லாமல் வடித்த சாறு 1 லிட்டர் கலக்க வேண்டும். சுமார் 50 பழம் தேவைப்படும். பிழியும்போது தோலையும் விதையையும் நசுக்கக் கூடாது. மூன்று லிட்டருக்குச் சற்று மேல் ஸ்குவாஷ் வரும். எடை ஏறக்குறைய 4 கிலோ. இஞ்சி சேர்ப்பவர்கள், இஞ்சிச் சாற்றை அரை மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் படியும் வெள்ளை மாவை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் புளிப்புக்கு ஆகாது.

இதில் சர்க்கரை பாதி அளவுதான். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடும் வீட்டுக்கு வேறெதுவும் தேவையில்லை. வெளியே மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் பொட்டாசியம் மெட்டா பை சல்பைட் சேர்ப்பார்கள். கிலோவுக்கு 0.6 கிராம், அதாவது 4 கிலோவுக்கு 2.4 கிராம். கடைசியில், ஆறிய பிறகு, சிறிது தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். "ஒரு சிட்டிகை" என்று கை வைக்கக் கூடாத பொருள் இது. கந்தகம் கூடினால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு தராசு இல்லையென்றால் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

செம்பருத்தி இந்தப் புறநகர்களில் இன்னும் பல வீடுகளின் வாசலில் பூக்கிறது. ஐந்து இதழ் சிவப்புச் செம்பருத்திப் பூ 25 எடுத்து, காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, சுடுதண்ணீர் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்தால் தண்ணீர் மங்கிய ஊதாவாகும். வடித்து, எலுமிச்சை பிழிந்ததும் சட்டென்று செந்நிறம் பளிச்சிடும். பூவின் நிறமி புளிப்புக்கு இப்படித்தான் மாறும். வடித்த சாரம் அரை லிட்டருக்கு 925 கிராம் சர்க்கரை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். இதற்கு மெட்டா பை சல்பைட் சேர்த்தால் நிறமே வெளுத்துவிடும். நாவல், திராட்சை, ரோஜாவுக்கும் அப்படித்தான். அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சந்தையில் மாலைக்கு விற்கும் ரோஜாவை வாங்கிப் பாகு காய்ச்சக் கூடாது. அது சாமிக்கும் தலைக்கும் வைக்க விளைந்தது. சாப்பிடுவதை நினைத்து மருந்து அடித்திருக்க மாட்டார்கள். மருந்து படாத சொந்தச் செடியின் பூ மட்டும்தான் சர்பத்துக்கு.

எந்தப் பாகானாலும் பாட்டிலைத் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும். கழுத்தில் தங்கும் ஈரம் பாகின் மேல்பரப்பை நீர்க்கச் செய்யும். பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

நிறம் விற்பதும் பெயர் விற்பதும்

2024 பிப்ரவரியில் தமிழக அரசு ரோடமின் பி கலந்த பஞ்சுமிட்டாயைச் சோதனையில் கண்டுபிடித்து, பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை போட்டது. ரோடமின் பி துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம். அதன் பிறகு ரோஸ் நிறத்தைப் பார்த்தாலே தாய்மார்கள் தயங்குகிறார்கள். கலர் போடாத பாகுக்கு இது நல்ல காலம். ஆனால் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது செய்பவரின் பொறுப்பு.

விற்பது ஒரு பாட்டிலானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கு எளிய பதிவு முறை உண்டு. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர அளவு, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, பதிவு எண், சைவக் குறி ஆகியவை இருக்க வேண்டும். எசன்ஸில் செய்துவிட்டுப் பழ சிரப் என்று எழுதுவது குற்றம்.

செய்முறையை நேரில் கற்க இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தூரம் அதிகமில்லை. ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையில் திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கிண்டியில் அதே பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது. பழங்களை மதிப்புக்கூட்டும் பயிற்சி எப்போது நடக்கும் என்று அங்கே விசாரித்துவிட்டுப் போகலாம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 30 மில்லி பாகில் சர்க்கரை மட்டும் 25 கிராமுக்கு மேல், ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். வளர்ந்த ஒருவர் நாளுக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆக, வெயிலில் உழைத்து வந்தவருக்கு ஒரு கிளாஸ் போதும். பிள்ளைகளுக்குப் பாதி அளவு பாகு போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நன்னாரி ஊறிய தண்ணீரே சர்பத். இனிப்பில்லாவிட்டாலும் அதே வாசம் அதிலும் இருக்கும்.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது பூந்தமல்லி பஸ் நிலையத்தைச் சுற்றிக் கூட்டம் கூடும். காஞ்சிபுரம் போகிறவர்கள், ஆவடிக்குத் திரும்புகிறவர்கள், பூக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள். எல்லோருக்கும் தாகம். வண்டியில் அதே நான்கு நிறப் பாட்டில்கள். அவற்றில் பழுப்பு நிறப் பாட்டிலாவது பக்கத்து ஊர் வேலியில் விளைந்த வேரிலிருந்து வரலாம். அதற்கு வேண்டியவை ஒரு தராசு, ஓர் இரவு ஊறல், மறைக்க எதுவும் இல்லாத ஒரு லேபிள்.